நல்ல கால் ஏன் மெலிகிறது?

மேலூர்ப் பக்கத்தில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ தனியாரிடமோ பத்து நாள் கிடந்து வீடு திரும்பினால், அவரைப் பற்றிய தீர்ப்பு அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். "கை கால் விழுந்துருச்சு. இனி அய்யாவைப் படுக்க வச்சுப் பார்த்துக்கிற வேண்டியதுதான்." திண்ணையில் கட்டில் விழும். கஞ்சியும் பத்தியமும் தொடங்கும். ஆறு மாதத்தில் கால் சூம்பும், பேச்சு குறையும், பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்டால் வேறு பெயர் வரும். யாரும் ஆச்சரியப்படுவதில்லை. இந்த நோய் வந்தால் சதை வற்றும், புத்தி மங்கும், அதன் போக்கே அப்படித்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாகிவிட்டது. கிராமத்துப் பேச்சு என்று இதைத் தள்ளவும் முடியாது; சென்னையிலிருந்து போனில் விசாரிக்கும் படித்த பிள்ளைகளும், "மூணு மாசத்துக்குள்ள வந்தது வந்ததுதான்" என்று கையை விரிக்கும் சில மருத்துவர்களும் இதையேதான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். நான் இதை மறுக்கிறேன். மூளையில் ரத்தக்குழாய் அடைபட்ட அல்லது வெடித்த அன்று போனது ஒரு பங்கு. வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலிலும் தட்டிலும் நின்றுபோன மாத்திரையிலும் போவது இன்னொரு பங்கு. இரண்டையும் சேர்த்து நோயின் கணக்கிலேயே எழுதிவிடுவதால், இரண்டாவது பங்கைத் தடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

எதிர்க்கட்சியின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சூம்பிய கால் என்பது நம் ஊர்களில் ஒரு தலைமுறைக்கு நன்றாகப் பழகிய காட்சி. இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளின் கால் அப்படித்தான் ஆனது. எண்ணெய் தேய்த்தும் வைத்தியம் பார்த்தும் அது திரும்பவில்லை. அந்த அனுபவம் அப்படியே பக்கவாதத்துக்கும் பெயர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. போலியோ கிருமி முதுகுத்தண்டில் இருக்கும் நரம்பணுக்களையே கொன்றுவிடுகிறது. தசைக்கு நேரடியாக ஊட்டமும் உத்தரவும் தருபவை அவை. அவை செத்தால் தசைக்குப் போக்கிடம் இல்லை. பக்கவாதத்தில் அடி விழுவது மேலே, மூளையில். முதுகுத்தண்டின் அணுக்களும் அங்கிருந்து தசைக்குப் போகும் நரம்பும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. மேலிருந்து உத்தரவு குறைகிறது, அல்லது தாறுமாறாக வருகிறது. அதனால் தசை பலவீனமாகும், விறைக்கும், அதை மறுக்கவில்லை. போலியோ காலைப் போல வற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதற்கு இல்லை.

இந்த வழக்கில் எனக்குப் பெரிய சாட்சி, விழாத கால்தான். படுத்த படுக்கையாக ஆறு மாதம் கிடந்தவரின் வேட்டியை விலக்கி இரண்டு தொடைகளையும் பார்த்தால் தெரியும். விழுந்த பக்கம் அதிகமாக மெலிந்திருக்கும். நல்ல பக்கமும் சேர்ந்து மெலிந்திருக்கும். நார்வேயின் துரோம்சோ நகரில் பக்கவாத நோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2001-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே அளந்து காட்டியது: நடக்க முடியாமல் இருந்தவர்களுக்கு இரண்டு கால்களிலும் தசை குறைந்தது. மூளையின் இடப்பக்க அடைப்பு வலது காலைப் பாதித்தது என்றால் புரிகிறது. இடது காலை மெலிய வைத்தது எது? அது கட்டிலின் வேலை. பக்கவாதமே இல்லாதவர்களைப் படுக்க வைத்தும் பார்த்திருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவில், சராசரி வயது 67 இருந்த பன்னிரண்டு ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவுக்குப் புரதமும் கொடுத்தார்கள். பத்தே நாளில் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. 1966-இல் டல்லஸ் நகரத்தில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, உடலின் உழைக்கும் திறனை முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது தெரிந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்தக் கதி என்றால், அறுபத்தைந்து வயதில் ஒரு பக்கம் விழுந்து திண்ணையில் ஆறு மாதம் கிடப்பவருக்குச் சதை வற்றியதற்கு நோயை மட்டும் எப்படிக் குற்றவாளியாக்குவது?

இங்கே ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. உடனே எழுப்பி நடக்க வைத்தால் நல்லதா? 2015-இல் லான்செட் இதழில் வெளிவந்த அவெர்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. சிங்கப்பூர், மலேசியா உட்பட ஐந்து நாடுகள், 56 மருத்துவமனைகள், 2,104 நோயாளிகள். முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடமாட வைத்தவர்களில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். அதாவது அவசரம் கெடுதல் செய்தது. "பார்த்தீங்களா, ரெஸ்ட்தான் நல்லது" என்று சொல்ல இது போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் எப்போது முதல் தடவை எழுந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களில் பாதிப்பேர் சுமார் இருபத்திரண்டரை மணி நேரத்துக்குள் எழுந்துவிட்டார்கள். ஆக, அந்த ஆய்வு ஒப்பிட்டது சீக்கிரம் எழுப்பப்பட்டவர்களின் பதினெட்டு மணி நேரத்தையும் மற்றவர்களின் இருபத்திரண்டு மணி நேரத்தையும், எத்தனை முறை எவ்வளவு நேரம் என்பதையும். நம் திண்ணையின் ஆறு மாதம் அந்த ஒப்பீட்டிலேயே இல்லை. முதல் நாளில் மருத்துவர் சொல்லும் நிதானம் தேவை. முதல் மாதத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

கட்டிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம், ஏனென்றால் இந்த நோயில் பாதி விவகாரம் தளவாடத்தில் இருக்கிறது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும். அதில் உட்கார்ந்தால் இடுப்பு கீழே இறங்கி முட்டி மேலே ஏறிவிடும். அந்த நிலையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க நல்ல மனிதராலேயே சிரமம். ஒரு பக்கம் விழுந்தவர் முயன்று பார்த்து, முடியாமல், "என்னால ஆகாது" என்ற முடிவுக்கு வருகிறார். அவரை எழுப்ப வருபவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறார். அந்தத் தோளைப் பிடித்து நிறுத்த வேண்டிய தசைகள் தளர்ந்திருப்பதால் எலும்பு கீழே இறங்குகிறது. தோள்பட்டை முனைக்குக் கீழே ஒரு விரல் புகும் பள்ளம் விழுகிறது. பிறகு தோளில் வலி. வலிக்கும் கையை யாரும் அசைக்க விடமாட்டார்கள். அசையாத கை மடங்கி இறுகிவிடும். தசை தளர்ந்ததைத் தவிர, இந்தக் கண்ணிகளில் பெரும்பாலானவை மூளைக்கு வெளியேதான் விழுகின்றன. சுவரை ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி உயரம் கூட்டி, அருகில் ஒருவர் நிற்க, உட்கார்ந்து எழுந்து பழகினால் தொடைத் தசைக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. எண்ணெய் தேய்ப்பதையோ நீவி விடுவதையோ நான் பழிக்கவில்லை. தொட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்பதே நோயாளிக்கு ஒரு தெம்பு. ஆனால் அடுத்தவர் கை பிசைவதால் தசை வளராது, அது தானே இழுத்துச் சுருங்கினால்தான் வளரும். விழுந்த பக்கத்தில் புறா ரத்தம் தேய்ப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றே உண்டு: அந்தப் புறாவைச் சமைத்துக் கொடுத்தாலாவது புரதம் சேரும்.

புரதம்தான் அடுத்த விவகாரம். பத்தியம் என்ற பெயரில் எதெல்லாம் நிற்கிறது என்று பாருங்கள். பருப்பு வாயு, கொண்டைக்கடலை வாயு, முட்டை சூடு, மீன் ஆகாது, கறி செரிக்காது, தயிர் குளிர்ச்சி. சதை கட்டும் பொருள் எது எதுவோ அத்தனையும் பட்டியலில் இருக்கிறது. மிஞ்சுவது கஞ்சி. வேளைக்கு ஐம்பது கிராம் அரிசி என்று மூன்று வேளைக் கஞ்சியில் மொத்தம் பன்னிரண்டு கிராம் புரதம் தேறினால் அதிகம். நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும் என்பது இப்போதைய நிபுணர் பரிந்துரை. ஐம்பது கிலோ அப்பத்தாவுக்கு நாளொன்றுக்கு அறுபது கிராம். தேவையில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, கால் சூம்பியது நோயால்தான் என்கிறோம். கண்மாய் மீன் கிடைக்கும் ஊரில், அங்கன்வாடியில் குழந்தைக்கு முட்டை கொடுக்கும் நாட்டில், பாட்டிக்கு மட்டும் கஞ்சித் தண்ணி.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, அதுவும் பலமானது. 2005-இல் வெளியான ஃபுட் ஆய்வு, நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளில் பாதிப்பேருக்கு வழக்கமான சாப்பாட்டுடன் ஊட்டச்சத்துப் பானமும் கொடுத்துப் பார்த்தது. குறிப்பிடத்தக்க பலன் இல்லை. இதை மறைப்பது நேர்மை ஆகாது. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்களில் எட்டு சதவீதம் பேர் மட்டுமே ஊட்டக் குறைவு உள்ளவர்கள். நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு மேலும் கொடுப்பதில் லாபமில்லை என்று அது சொல்கிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் தட்டிலிருந்து எடுப்பதில் நஷ்டமில்லை என்று சொல்லவில்லை. அதே ஆய்வில் மெலிந்த நிலையில் வந்தவர்களே அதிகம் இறந்தார்கள், அதிகம் பிறர் தயவில் வாழ்ந்தார்கள். இன்னொன்று, விழுங்கும் சிரமம். பக்கவாதம் வந்த பலருக்குத் தண்ணீர் போன்ற நீர்த்த பொருள்தான் புரையேறி நுரையீரலுக்குள் போகும். கெட்டியாகக் குழைத்தது பலருக்குச் சுலபமாக இறங்கும். ஆக நீர்க்கஞ்சிப் பத்தியம் சத்திலும் தோற்கிறது, பாதுகாப்பிலும் தோற்கிறது. விழுங்குவதை மருத்துவமனையில் சோதித்த பிறகு, குழைத்த பருப்பு, மசித்த முட்டை, முள் எடுத்த மீன் என்று போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

இனி புத்திக்கு வருவோம். இங்கே தவறான தீர்ப்பு இன்னும் வேகமாக விழுகிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டவருக்குச் சொல் கிடைக்காமல் போகலாம். மகனை அவருக்கு நன்றாகத் தெரியும். 'முருகன்' என்று சொல்ல நினைத்து வேறேதோ வரும். அதைக் கேட்ட வீடு "புத்தி பேதலிச்சுருச்சு" என்று முடிவு கட்டி, அவரிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறது. நிலம் விற்பதைக்கூட அவர் முன்னாலேயே அவரைக் கேட்காமல் பேசுகிறது. வலப்பக்கம் பாதிக்கப்பட்டவருக்கு வேறொரு விசித்திரம். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதி அப்படியே இருக்க, "இன்னும் சோறு போடு" என்பார். கண் தெரிகிறது, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மூளை கணக்கில் எடுப்பதில்லை. தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார். இதைக் கிறுக்கு என்று நினைப்பவர்களுக்குத் தட்டைத் திருப்பத் தோன்றாது. மூன்றாவது, மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது. பேசாமல், சாப்பிடாமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பவரைப் பார்த்தால் மறதி நோய் போலவே இருக்கும். ஆனால் இதற்கு மருந்து உண்டு, தணியவும் தணியும். இந்த மூன்றையும் 'மங்கிய புத்தி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால், திருத்தக் கூடியதும் திருத்தப்படாமல் போகிறது.

உண்மையான மறதி நோய் பக்கவாதத்துக்குப் பின் வருவதே இல்லையா? வருகிறது. ஆனால் எப்போது வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பெண்டில்பரியும் ராத்வெல்லும் பல ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் கணக்கிட்டார்கள். முதல் பக்கவாதத்துக்குப் பின் புதிதாக மறதி நோய் வந்தது பத்தில் ஒருவருக்கு. பக்கவாதம் திரும்ப வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். முதல் அடியைவிட அடுத்த அடிதான் புத்தியைக் கொண்டுபோகிறது. அந்த அடுத்த அடியைத் தடுக்கும் வழியில் ரகசியம் எதுவும் இல்லை: ரத்த அழுத்த மாத்திரை, அடைப்பால் வந்த பக்கவாதம் என்றால் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையிலையை விடுவது. 6,105 பேரைக் கொண்ட புராகிரஸ் ஆய்வில் ரத்த அழுத்த மருந்து மறுபடி வரும் பக்கவாதத்தை 28 சதவீதம் குறைத்தது. மீண்டும் பக்கவாதம் வந்து அதோடு வரும் மறதி நோயை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நம் பக்கத்தில் நடப்பது என்ன? "இங்கிலீஷ் மருந்து சூடு" என்று ஒருவர் சொல்ல, கை கொஞ்சம் அசையத் தொடங்கியதும் "இனி எதுக்கு மாத்திரை" என்று இன்னொருவர் சொல்ல, டப்பா காலியாகிறது. ஒரு வருடத்தில் இரண்டாவது முறை வருகிறது. அதற்குப் பிறகு மறதியையும் அந்த முதல் நாளின் தலையிலேயே கட்டுகிறோம்.

தசைக்கும் புத்திக்கும் நேரடி முடிச்சு போட்டு, கால் வலுத்தால் மூளை வலுக்கும் என்று எழுதும் சுகாதாரப் பக்கங்களை நான் பின்பற்றப் போவதில்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய உடற்பயிற்சி குறித்து 14 ஆய்வுகளைத் திரட்டி 2017-இல் ஸ்ட்ரோக் இதழில் வந்த கட்டுரை, சிந்தனைத் திறனில் சிறிய அளவு முதல் நடுத்தரம் வரையான முன்னேற்றத்தைக் கண்டது. அற்புதம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த முன்னேற்றம் பக்கவாதம் வந்து சில ஆண்டுகள் ஆனவர்களிடமும் தெரிந்தது, அது முக்கியம். நடைமுறையில் முடிச்சு இன்னும் எளிது: தெருமுனை டீக்கடை வரை நடக்க முடிந்தவருக்கு நாலு பேர் பேச்சு கிடைக்கிறது, சில்லறை எண்ண வேண்டியிருக்கிறது, மழை வந்ததா என்று கண்மாயைப் பார்க்க முடிகிறது. கட்டிலில் கிடப்பவருக்குக் கூரைதான்.

மூன்று மாதக் கெடுவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முன்னேற்றத்தின் வேகம் முதல் மூன்று மாதத்தில் அதிகம் என்பது உண்மை. அதிலிருந்து கதவு சாத்தப்படும் என்று முடிவு கட்டியது தவறு. 2006-இல் வெளியான எக்சைட் ஆய்வு பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரை எடுத்தது. நல்ல கையில் உறை மாட்டி அதை முடக்கிவிட்டு, விழுந்த கையை இரண்டு வாரம் தீவிரமாக வேலை வாங்கியது. அவர்களின் கைத்திறன் கூடியது, ஓராண்டு வரை நிலைத்தது. கை கொஞ்சமாவது அசைந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011-இல் வெளியான லீப்ஸ் ஆய்வு 408 பேரின் நடையைச் சோதித்தது. விலை உயர்ந்த டிரெட்மில்லில் தூக்கிக் கட்டி நடக்க வைத்தவர்களும், ஃபிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து வலுவும் நிலைத்தன்மையும் பழக்கியவர்களும் ஓராண்டில் ஒரே அளவு முன்னேறினார்கள். ஆறு மாதம் கழித்து டிரெட்மில் தொடங்கியவர்களும் அந்த ஓராண்டு முடிவில் பின்தங்கிவிடவில்லை. இயந்திரம் இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல செய்தி எது?

கடைசியாக, என் வாதத்துக்கே எதிரான மிகப் பெரிய ஆதாரம், அதுவும் இந்தியாவிலிருந்து. அட்டெண்ட் ஆய்வு, 2017. பதினான்கு மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பாதிப்பேரின் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டில் அவர்களே பழக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்பவர்களும் இரு தரப்பிலும் 47 சதவீதம். துளி வித்தியாசமில்லை. "வீட்டில் என்ன செய்தாலும் ஒன்றுதான்" என்று இதை வாசிக்கலாம். நான் வேறு விதமாக வாசிக்கிறேன். காலையில் நூறு நாள் வேலைக்கும் நாற்று நடவுக்கும் போய், மாலையில் அடுப்பைப் பற்றவைக்கும் மருமகளிடம் சில மணி நேரப் பாடம் நடத்தி, ஒரு துறையின் வேலையை அவள் தலையில் இறக்கி வைத்தால் நடக்காது என்பதைத்தான் அந்த ஆய்வு நிரூபித்தது. லீப்ஸில் வீட்டுக்கு வந்தது தேர்ந்த ஆள். வாரத்துக்கு மூன்று முறை வரை, பன்னிரண்டு முதல் பதினாறு வாரம். அட்டெண்டில் வீட்டில் மிஞ்சியது கைப்புத்தகமும் களைத்த உறவினரும். ஆகவே மேலே நான் சொன்ன எதையும் வீட்டுப் பெண்கள் மீது குற்றச்சாட்டாக எடுக்கக் கூடாது. பத்தியத்தைக் கைவிடுவதும் நாற்காலியை அடுக்குவதும் மாத்திரையைத் தொடர்வதும் வீட்டின் வேலை. தசையைப் பழக்குவது தொழில் தெரிந்தவரின் வேலை.

அப்படி ஒருவரை வீட்டு வாசலுக்கு அனுப்பும் ஏற்பாடு இந்த மாநிலத்தில் காகிதத்தில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறை மருத்துவமும் அதன் ஒரு பகுதி. மாத்திரைப் பகுதி மெச்சத்தக்கது. இரண்டாவது அடியைத் தடுப்பது அதுதான். இயன்முறைப் பகுதிக்கு வந்தால் கணக்கு இடிக்கிறது. ஒன்றியத்துக்கு ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் என்பது திட்டம். மேலூர் ஒன்றியத்தில் முப்பதுக்கு மேற்பட்ட ஊராட்சிகள். ஒவ்வோர் ஊராட்சியிலும் பல குக்கிராமங்கள். ஒரே ஆள் எத்தனை ஓடினாலும் ஒரு வீட்டுக்கு வாரத்துக்கு மூன்று முறை வர முடியாது. ஆனால் கேட்க இடம் இருக்கிறது: டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024 நவம்பரில் தீர்மானம் போட்டவை இதே வட்டாரத்துக் கிராம சபைகள். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தானது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலை, குடிநீர் தீர்மானங்களோடு, நம் ஊராட்சியில் பக்கவாதம் வந்து வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர், சென்ற மாதம் அவர்களில் எத்தனை வீட்டுக்கு ஃபிசியோதெரபிஸ்ட் வந்தார், ஒரு வீட்டுக்கு எத்தனை முறை வந்தார் என்ற விவரத்தையும் கேட்டு, ஒன்றியத்துக்கு இன்னும் மூன்று பேரையாவது நியமிக்கச் சொல்லித் தீர்மானம் எழுதலாம்.